ஒரே துணியில் இரண்டு சட்டை

நேயர்களுக்கு வணக்கம். தீபாவளிக்கு ஒரே துணியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சட்டை தைத்துப் போட்ட வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. துணி மிச்சம், அம்மாவுக்கு நிம்மதி. அண்ணனுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறை இருக்கும். போர்ஷே 911 என்ற காருக்கு நேர்ந்தது அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விற்பனை சரிந்து, ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தத்தளித்தது. ஜப்பானிலிருந்து வீண்செலவைக் குறைக்கும் டொயோட்டாவின் தயாரிப்பு முறை தெரிந்த வல்லுநர்களை அழைத்து வந்து தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தினார்கள். பாக்ஸ்டர் என்ற விலை குறைந்த காரையும் புதிய 911ஐயும் சேர்த்தே வடிவமைத்தார்கள். பாக்ஸ்டர் 1996இல் வந்தது, 911 அடுத்த ஆண்டு. முன் மூடி, மட்கார்டு, கதவு, முகப்பு விளக்கு எல்லாம் இரண்டுக்கும் பொது.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1963 முதல் 911க்கு வட்டக் கண்கள். இப்போது விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டன. தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டைபோல ஓரத்தில் மஞ்சள் வழிந்தது. பொரித்த முட்டை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஆட்டோமொபைல் பாடம் நடத்திய நாட்களில் இரு கார்களின் படங்களையும், காரின் கதவுக்குப் பின்னால் உள்ள பகுதியைக் காகிதத்தால் மறைத்து, மாணவர்களிடம் காட்டுவேன். கார் என்றால் உயிரை விடும் பிள்ளைகள்கூடத் திணறுவார்கள். காகிதத்தை எடுத்து, 911இன் கூரை பின்னால் சரிந்து இறங்குவதைப் பார்த்த பிறகுதான் முகம் தெளியும்.

பாகங்களைப் பகிரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1948இல் ஆஸ்திரியாவின் கிமுண்ட் ஊரில் உருவான போர்ஷேயின் முதல் 356 காரில் இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் வோக்ஸ்வேகன் பீட்டிலிலிருந்து வந்தவை. ஆனால் அவை உள்ளே இருந்தன. முகம் போர்ஷேயின் சொந்த முகம். நான் சொல்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடன் வாங்கலாம், கண்ணும் காதும் கையும் படுகிற இடத்தில் கூடாது.

காற்றால் குளிரும் இன்ஜினைக் கைவிட்டு நீருக்கு மாறியதையும் சிலர் இதோடு சேர்த்துத் திட்டுவார்கள். அந்தக் கரகரத்த ஒலி போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் புகை, சத்தம் பற்றிய சட்டங்கள் இறுகியபோது அதற்கு வேறு வழி இல்லை. விளக்குக்கு அப்படி என்ன கட்டாயம்? 2004இல் வந்த அடுத்த 911இல் வட்டக் கண்களை அவர்களே திரும்ப வைத்துவிட்டார்களே!

டொயோட்டா சுப்ரா என்ற காரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், ஆகவே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2019இல் வந்த சுப்ராவும் பிஎம்டபிள்யூ இசட்4 காரும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒரே ஆலையில் தயாரானவை. இன்ஜின் பிஎம்டபிள்யூவுடையது. முகம் வேறுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்து கியருக்குக் கை நீட்டினால், அகப்படுவதும் பிஎம்டபிள்யூவின் பிடிதான். வணக்கம்.