குதிரைக்குக் கிடைத்த கிளியோபாட்ரா

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கறுப்பினப் பெண் கலைஞர்களுக்கு அவர்களுடைய அடையாளம் பலமா, பாரமா? பலம் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டுவிட்டு அமர்ந்தார்: “சிலையைப் பாருங்கள், செதுக்கிய கையின் நிறத்தை ஏன் பார்க்கிறீர்கள்?” நீங்களும் கைதட்டினீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்பி எட்மோனியா லூயிஸ் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

தந்தை கறுப்பினத்தவர், தாய் அமெரிக்கப் பழங்குடி வழி வந்தவர். லூயிஸ் சிலை வடித்தது ரோம் நகரில். அங்கே அன்றைய சிற்பிகள் களிமண்ணில் மாதிரி செய்து கொடுப்பார்கள். பளிங்கைக் கொத்துவது கூலிக்கு வரும் இத்தாலியர்கள். லூயிஸ் மட்டும் பெரும்பாலும் தாமே கொத்தினார். ஆள் வைத்தால், ‘இவள் செய்ததல்ல’ என்று ஊர் சொல்லிவிடும்! நண்பரே, கையைப் பார்த்தவர்கள் நாங்களா? அறுந்த சங்கிலியோடு கை உயர்த்தும் கறுப்பின மனிதரை 1867-இல் பளிங்கில் நிறுத்தியது அந்தக் கைதான்.

சரி, லூயிஸ் செதுக்கிய கிளியோபாட்ரா சிலைக்கு வருகிறேன். உயிர் பிரிந்து அரியணையில் சாய்ந்திருக்கும் அரசி. எடை 1,300 கிலோவுக்கு மேல். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் கூட்டம் கூடியது, வாங்க ஆளில்லை. பிறகு சிகாகோவில் ஒரு மதுக்கடையில் நின்றாள். அங்கிருந்து? சமாதிக்கு! ஒரு சூதாட்டக்காரர் வாங்கிப்போனார். மனைவியின் சமாதிக்கா? இல்லை. பெற்ற தாய்க்கா? அதுவும் இல்லை. குதிரைக்கு! பந்தயக் குதிரை. அதன் பெயரும் கிளியோபாட்ரா!

நடுவர் சிரிக்கிறார், மணியை மறந்துவிட்டார். குதிரையை இன்னும் கொஞ்சம் ஓட்டுகிறேன். சமாதி இருந்த பந்தயத் திடல் கோல்ஃப் மைதானமானது, அரசி அசையவில்லை. பின்னர் ஒரு கிடங்கு முற்றத்தில் பழைய சாமான்களோடு கிடந்தாள். பாவம் பார்த்துச் சாரணச் சிறுவர்கள் பெயின்ட் அடித்தார்கள். பளிங்குக்கு, ஐயா, பெயின்ட்! 1994-இல்தான் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகம் அவளைச் சேர்த்துக்கொண்டது.

“இது உங்கள் அணிக்கு எப்படிச் சாதகம்?” என்று நண்பர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

லூயிஸ் 1907-இல் லண்டனில் இறந்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த அவருடைய கல்லறையை 2017-இல்தான் சீரமைத்தார்கள். நூற்றுப்பத்து ஆண்டுகள், அம்மா! குதிரையின் தலைமாட்டில் ஓர் அரசி. அந்த அரசியைச் செதுக்கியவரின் தலைமாட்டில் புல்.

அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டாம் என்கிறார் நண்பர்.