ரூத் கட்டிய வீடு

[காட்சி: இரவு. சுவரோரம் ஒதுக்கிய மேசைகள். நடுவில் ஒரு மைக்.]

பகலில் இது ஆபீஸ். சாயங்காலம் வேலை முடிந்ததும் மேசைகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளைப் போட்டு, மைக்கை நிறுத்தினால் ஸ்டுடியோ. இடம் நியூயார்க், 56ஆவது தெரு. கீழே இத்தாலியச் சாப்பாட்டுக் கடை, மேலே அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. அதைத் தூக்கி நிறுத்திய பாடகி ரூத் பிரவுனின் கதைதான் இது.

கம்பெனி தொடங்கியது 1947இல். தொடங்கியவர் அகமத் எர்டெகுன், அமெரிக்காவில் துருக்கித் தூதராக இருந்தவரின் மகன். கறுப்பின இசைக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைச் சிறு வயதிலிருந்தே தேடித்தேடிச் சேர்த்தவர். கூட்டாளி ஹெர்ப் ஆப்ராம்சன். முதல் போட்டவர் யார் தெரியுமா? எர்டெகுன் குடும்பத்தின் பல் டாக்டர். 10,000 டாலர் கொடுத்தார்.

ஆரம்பத்தில் பெரிதாக எதுவும் விற்கவில்லை. 1949இல் நியூ ஆர்லியன்ஸ் வியாபாரி ஒருவர், எங்கும் கிடைக்காத ஒரு தட்டைக் கேட்டார். எர்டெகுன் தட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, அதைப் பாடிய ஸ்டிக் மெகீயையே பிடித்துத் திரும்பப் பாட வைத்தார். அதுதான் கம்பெனியின் முதல் பெரிய வெற்றி.

சரி, இப்போது ரூத் பிரவுன். இந்த வீடியோவே அவருக்காகத்தான்.

வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத் ஊர்ப் பெண். 1948இல் நியூயார்க்குக்குப் பாட வரும் வழியில் கார் விபத்து. இரண்டு காலிலும் பலத்த அடி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. 1949 ஜனவரி 12, அவருடைய 21ஆவது பிறந்தநாள். அன்று எர்டெகுன் கட்டிலருகே வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். கூடவே, இசைக்குறிப்பு பார்த்துப் பாடக் கற்றுத்தரும் ஒரு புத்தகமும் சுருதி பிடிக்க ஒரு சின்ன ஊதலும் கொண்டு வந்திருந்தார். நடக்க முடியாத ஒருவரை நம்பி வந்த அந்த மனதை நான் மதிக்கிறேன். அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் வலிக்கிறது.

ரூத்துக்குப் பிடித்தது மெதுவான காதல் பாட்டு. கம்பெனிக்கு வேண்டியது ஆட வைக்கும் பாட்டு. 1950இல் வந்த 'டியர்ட்ராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' பாட்டைக் கேளுங்கள். அடி எடுத்து வைக்கச் சொல்லும் தாளம். வரி முடிகிற இடத்தில் குரல் ஒரு நொடி கீச்சென்று மேலே உடைந்து திரும்பும். வேறு யாராவது பாடியிருந்தால் பிசிறு என்று வெட்டியிருப்பார்கள். ரூத்துக்கு அதுதான் முத்திரை. அமெரிக்க இசைப் பத்திரிகை 'பில்போர்ட்' போடும் பட்டியலில் 11 வாரம் முதலிடம்!

[காட்சி: 'பில்போர்ட்' பத்திரிகைப் பக்கம்.]

அந்தப் பட்டியலின் பெயரையும் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களின் பாட்டுகளை அதுவரை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று இனத்தின் பெயரால் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயர் அங்கே ஏறியது. கொடுத்தவர் பில்போர்ட் நிருபர் ஜெர்ரி வெக்ஸ்லர். 1953இல் அவரே அட்லாண்டிக்கில் பங்காளியானார்.

அட்லாண்டிக்கின் இசையமைப்பாளர் ஜெஸ்ஸி ஸ்டோன் தெற்கு மாநிலங்களுக்குப் போய், இளசுகள் எதற்கு ஆடுகிறார்கள் என்று நேரில் பார்த்தார். திரும்பியதும் பேஸ் என்ற அடிக்குரல் வாத்தியத்தின் நடையையே மாற்றி எழுதினார். கருவிகளைப் பிரித்துப் பிரித்துக் காதில் விழ வைத்தவர் சவுண்ட் இன்ஜினியர் டாம் டவுட். 1952இல் வெறும் 2,500 டாலருக்கு வேறொரு கம்பெனியிடமிருந்து ஒரு பாடகரின் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ரே சார்லஸ்தான் அவர். 1954இல் பிக் ஜோ டர்னரின் 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பாட்டு வந்தபோது, அட்லாண்டிக் தவிர்க்க முடியாத பெயர்.

அந்தக் காலத்தில் அட்லாண்டிக்கை 'ரூத் கட்டிய வீடு' என்றுதான் சொன்னார்கள். கட்டியவருக்கு என்ன கிடைத்தது?

ஸ்டுடியோ செலவு, வாத்தியக்காரர் கூலி எல்லாம் பாடகர் கணக்கில் கடனாக ஏறும். அது தீர்ந்தால்தான் ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகருக்கான பங்கு. தட்டு எத்தனை விற்றாலும் கடன் மட்டும் தீராது. 1961இல் கம்பெனியை விட்டு விலகிய ரூத், பிள்ளைகளை வளர்க்க அடுத்தவர் வீட்டில் வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். 1967இல் அட்லாண்டிக் 1.75 கோடி டாலருக்குக் கைமாறியது.

1980களில் ஒரு வழக்கறிஞர் துணையோடு அவர் கணக்கு கேட்கத் தொடங்கினார். தனக்காக மட்டும் இல்லை, தன்னோடு பாடியவர்களுக்காகவும். 1988இல் கம்பெனி பழைய கடன்களைத் தள்ளிவிட்டு, அவருக்கும் இன்னும் பலருக்கும் ராயல்டி தர ஒப்புக்கொண்டது. அப்போது ரூத்துக்கு வயது 60.