வேலிக்கு உள்ளே வளர்ந்தவரும் வேலிக்கு வெளியே நிற்பவர்களும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த விளையாட்டு விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, தேவனாம்பட்டினத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் தம் மகளின் திருமண வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கிறார். அந்தப் பெண் நூறாண்டு வாழ வேண்டும் என்று இந்த அவை வாழ்த்துகிறது. மேடையில் என் இடப்பக்கம் இருக்கும் மருத்துவர், கால் சுளுக்கிக்கொண்டு வரும் ஏழைப் பிள்ளைகளிடம் இதுவரை காசு வாங்கியதில்லை. அதை அவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து பெத்தாங்க் விளையாட்டு நண்பர்கள் வந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இரும்புக் குண்டு விளையாட்டை இன்றும் மண் தரையில் ஆடிக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். நண்பர்களே, உங்கள் பக்கம் நான் பிறகு வருகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் வாழ்க்கை. அவர் பெயர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அவரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று, அவருக்கு அந்தக் கைத்திறன் வந்த வழி. இரண்டு, கோல்ஃபைத் தொழிலாகக் கொண்டால் வயிறு நிறையுமா என்பது. மூன்று, இந்த ஆட்டத்தில் நம் பெண்கள்.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். இந்தப் பழமொழியை நான் பணிக்காலம் முழுவதும் சொல்லி வந்தவன். சௌராசியா 1978இல் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரிக்கும் பணியாளர். 1829இல் தொடங்கிய கிளப் அது. பணக்காரர்களின் மட்டைப் பைகளை ஏழைப் பையன்கள் தோளில் சுமந்து நடக்கும் இடம். அந்தப் புல்லின் ஓரத்தில்தான் இவர் வளர்ந்தார். பயிற்சியாளரை வைத்துக்கொள்ள வசதி கிடையாது. பெரியவர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். 1997இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

அவர் பந்தை வெகுதூரம் பறக்கவிடும் ஆள் இல்லை. அவருடைய பலம் குழிக்கு அருகில். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், என் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எத்தனை நூறு கெஜம் பந்தைப் பறக்கவிட்டாலும் கடைசியில் அந்தக் குழிக்குள் மெல்ல உருட்டித்தான் ஆக வேண்டும். தில்லி கோல்ஃப் கிளப் குறுகலான பாதைகளும் இருபுறமும் புதரும் உள்ள இடம். பலத்தைக் காட்ட நினைப்பவனின் பந்து புதருக்குள் போய்விடும். 2008இல் அங்கே நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐரோப்பியச் சுற்று என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரின் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் நடுவே நின்று கோப்பையை வென்றார், புல் வெட்டியவரின் மகன். நண்பர்களே, அதற்கு ஒரு கைதட்டல் போதாது.

நம் நாட்டின் பெரிய கோல்ஃப் போட்டியான இந்தியன் ஓபனில் அவர் பட்ட பாடு தனிக் கதை. 1999இல் இரண்டாமிடம். 2006இல் மறுபடியும் இரண்டாமிடம். 2015இல் அனிர்பன் லாகிரியுடன் சமநிலைக்கு வந்து, கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். மறு ஆண்டு அதே தில்லி மைதானத்தில் அதே லாகிரியை இரண்டாமிடத்துக்குத் தள்ளி வென்றார். கோல்ஃபில் பந்தைக் குறைந்த முறை அடித்து முடிப்பவரே வெல்வார்; 2017இல் மற்றவர்களைவிட ஏழு முறை குறைவாக அடித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இடையில் 2016இல் ரியோவில், 112 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் திரும்பி வந்த கோல்ஃபில், இந்தியாவுக்காக ஆடினார். அர்ஜுனா விருதும் வந்தது.

விளையும் பயிர் முளையிலே தெரியும். சரி, முளைப்பதற்கு மண் வேண்டாமா? அந்த மண் அவருக்கு எப்படிக் கிடைத்தது? அப்பாவுக்கு வேலை கிளப்புக்கு உள்ளே. அதனால் பிள்ளை வேலிக்கு உள்ளே. அதே தெருவில் அதே திறமையோடு பிறந்து, அப்பா ரிக்‌ஷா இழுத்ததால் வேலிக்கு வெளியே நின்ற பையன் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? 1991இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் தில்லியில் மட்டைப் பை சுமந்தவர். 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் அப்படிப் பை சுமந்து மேலே வந்தவர்தான். திறமை இருந்தது உண்மை, யார் மறுத்தார்கள்? அவர்களுக்குக் கதவும் திறந்திருந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் பணியில் இருந்த காலம். ஒரு மாலை தேவனாம்பட்டினக் கடற்கரையில் நடந்து வருகிறேன். பையன் ஒருவன் பனைமட்டையின் தடித்த அடிப்பகுதியை வெட்டிக் கையில் வைத்திருக்கிறான். கருக்கைச் சீவி வழவழப்பாக்கி, பிடிக்கும் இடத்தில் கிழிந்த வலைக்கயிற்றைச் சுற்றியிருக்கிறான். காலடியில் காய்ந்த புன்னங்காய்கள். ஒவ்வொன்றாகத் தட்டி நண்டு வளைக்குள் விடுகிறான். தூரம், இந்த மேடையிலிருந்து மூன்றாவது வரிசை வரை இருக்கும். ஈர மணலில் காய் எவ்வளவு ஓடும், காய்ந்த மணலில் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி.

அந்த நேரம் பார்த்து அவன் அப்பா வந்தார். "வாத்தியாரே, நீங்களாவது கண்டியுங்கள். வலை பிரிக்கக் கூப்பிட்டால் காயைத் தட்டிக்கொண்டு கிடக்கிறான். இது சோறு போடுமா?" என்றார். நான் சொன்னேன்: "அவன் ஒரு காயை அந்த வளைக்குள் விட்டால் இன்று அவனைத் திட்டக் கூடாது. விடாவிட்டால் நானே காதைத் திருகி உங்களிடம் ஒப்படைக்கிறேன்." பையன் குனிந்து மணலைப் பார்த்தான். எழுந்து நின்று மெல்லத் தட்டினான். காய் உருண்டது, வளைந்தது, வளைக்குள் இறங்கியது. உள்ளே இருந்த நண்டு பதறிக்கொண்டு வெளியே ஓடியது! (சிரிப்பு) அப்பா நண்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "இதில் என்ன இருக்கிறது, கொடுடா இங்கே" என்று மட்டையை வாங்கினார். முதல் காய் கடலுக்குப் போனது. அடுத்தது என் காலில் பட்டது. அவர் விடுவதாக இல்லை. கரையில் மீன் ஏலம் தொடங்கிவிட்டது, ஆள் வரவில்லை. மனைவி தேடிக்கொண்டு வந்து, "அப்பனும் பிள்ளையும் இங்கேயா இருக்கிறீர்கள்?" என்று சத்தம் போட்டார். இவர் என்ன செய்தார் தெரியுமா? "நீ ஒன்று அடித்துப் பார்" என்று மட்டையை அந்த அம்மாள் கையில் கொடுத்தார். (பலத்த கைதட்டல்) அந்த அம்மாள் அடித்த முதல் காயே வளையின் விளிம்பைத் தொட்டு நின்றது. பிள்ளைக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுவாரமே அவனை ஹாக்கிக் குழுவில் சேர்த்தேன். மட்டை அவன் கையில் பேசியது. ஆனால் நான் வேலை பார்த்த பள்ளியில் மணி அடித்ததும் மைதானக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ளே யாரையும் விடக் கூடாது என்பது உத்தரவு. பையன் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பான். பிறகு நிற்பதும் நின்றது. அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். இன்று சொந்தப் படகில் பங்கு வைத்து மரியாதையாக வாழ்கிறான், அதில் எனக்கு மகிழ்ச்சி. அவன் சௌராசியா ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு மைதானம் இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டாவது செய்தியைச் சுருக்குகிறேன். பெரும்பாலான கோல்ஃப் போட்டிகள் நான்கு நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் இல்லை. பயணச் செலவும் தங்கும் செலவும் அவர் கையிலிருந்துதான் போகும். மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. மூன்றாவது, பெங்களூரின் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றவர். அன்று அவருடைய மட்டைப் பையைச் சுமந்து நடந்தவர் பெற்ற தாய். இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விரிவாக இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

கடலூருக்கு கோல்ஃப் மைதானம் கேட்டு நான் வரவில்லை. பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், தண்ணீரும் மிக அதிகம் வேண்டும். அது உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இருக்கட்டும். நான் கேட்பது ஏற்கெனவே இருக்கும் மண்ணை. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மைதானங்களை மாலை ஆறரை மணி வரையிலும் ஞாயிறு முழுவதும் அந்தந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். காவலுக்கு ஆள் இல்லை என்பார்கள். என்னைப் போல் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் முறை வைத்து வந்து நிற்கத் தயார், சம்பளம் வேண்டாம். பொருட்காட்சிக்கும் கூட்டத்துக்கும் மைதானத்தைத் தருகிறவர்கள், கம்பம் நட்ட குழிகளை மூடிச் சமன் செய்த பிறகே முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் குழியில் கால் மடங்கிய பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டவர் இதோ என் பக்கத்தில் இருக்கிறார், கேளுங்கள். பெத்தாங்க் நண்பர்களே, உங்களுக்கு வேண்டியது ஒரு சிறு மண் தரை. ஒரு பள்ளியின் மூலையில் அது கிடைத்தால் வாரம் ஒருநாள் வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதாகச் சற்றுமுன் எனக்கு வாக்குக் கொடுத்தீர்கள். இத்தனை பேர் முன்னால் அதைப் பதிவு செய்கிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பெருமை பேசிக்கொண்டே முளைக்கும் இடத்தைப் பூட்டி வைக்கும் ஊராக நாம் இருக்கக் கூடாது. வாசலில் மேசை போட்டு மனுத் தாள் வைத்திருக்கிறோம். கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள பள்ளியின் பெயரையும் எழுதுங்கள். அப்போதுதான் எந்தக் கதவை முதலில் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் கூடுகிறோம், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். எனக்கு அணிவித்த பொன்னாடைகளுக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு கால்பந்து வாங்கித் தாருங்கள். வணக்கம்.