பி.டி.-எல்1 60 சதவீதம் என்றால் இம்யூனோதெரபி கட்டாயம் வேலை செய்யுமா?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் அனுப்பியிருக்கிறாங்க. அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பயொப்சி ரிப்போர்ட்டில் "பி.டி.-எல்1 60 சதவீதம்" என்று இருக்கு. இது நல்லதா கூடாததா, இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியை வைச்சே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை, கட்டாயம் வேலை செய்யுமா என்று கேட்கிறாங்க.

முதல்ல அந்த 60. நோய் எவ்வளவு பரவியிருக்கு என்ற கணக்கு இல்ல அது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த புற்றுநோய்க் கலங்களில் 100க்கு 60 கலங்களின் மென்சவ்வில் பி.டி.-எல்1 என்ற புரதம் சாயம் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். அதனால பயப்பட வேண்டாம்.

அந்தப் புரதம் அங்க என்ன செய்யுது? எங்கட கலங்கள் உள்ளே இருக்கிற புரதங்களைச் சின்னத் துண்டுகளா வெட்டி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளத்தில், எச்.எல்.ஏ. என்ற புரதத்தில் ஏற்றி மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். நோயெதிர்ப்புக்கான வெண்குருதிக் கலங்களில் ஒரு வகைதான் ரி-கலம். அதன் வாங்கி, அதாவது ரிசெப்டர், அந்தத் துண்டைப் பார்க்கும். விகாரமடைந்த புரதத்தின் துண்டு என்றால் பிடிச்சுக்கொள்ளும். அது மட்டும் போதாது. நிணநீர்க் கணுவில் அந்த ரி-கலம் முதல்முறை தூண்டப்படும்போது சி.டி.28 என்ற வாங்கி வழியாவும் சமிக்ஞை போக வேணும், இல்லாட்டி அது செயலற்றுப் போயிடும். சி.டி.28 பிடிக்க வேண்டிய அதே புரதத்தை ரி-கலத்தின் இன்னொரு வாங்கியான சி.டி.எல்.ஏ.-4 இன்னும் இறுக்கமாப் பிடிச்சுக்கொள்ளும். அதுதான் முதலாவது பிரேக். இரண்டாவது பிரேக் ரி-கலத்தில இருக்கிற பி.டி.-1 என்ற வாங்கி, இது கூடுதலா கட்டிக்குள்ளேயே வேலை செய்யுது. இந்த இரண்டு பிரேக்கையும் எடுத்துவிடும் சிகிச்சைக்கு வழி திறந்ததுக்காகத்தான் ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் 2018 நோபல் பரிசு கிடைச்சது.

இப்ப கவனமாக் கேளுங்க. தாக்க வந்த ரி-கலம் இன்டர்ஃபெரோன் காமா என்ற புரதத்தை வெளிவிடும். புற்றுநோய்க் கலம் அதை உணர்ந்து பி.டி.-எல்1ஐ மேல கொண்டுவரும். அது பி.டி.-1இல ஒட்டினதும் ரி-கலம் அடங்கிப் போகும். அப்படியென்றால் கூடின பி.டி.-எல்1 என்பது, ரி-கலங்கள் ஏற்கெனவே வந்து சண்டை பிடிச்சதன் அடையாளமா இருக்கலாம். அந்த நிலையில பெம்பிரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்து பி.டி.-1ஐ மறைச்சால் பலன் வரலாம். மருந்து நேரடியாகப் புற்றுநோயைக் கொல்றதில்ல. ரி-கலத்தைத் திரும்ப வேலை செய்ய விடுது.

ஆனால் "கட்டாயம்" என்று சொல்ல ஏலாது. 50 சதவீதமோ அதுக்கு மேலயோ உள்ளவர்களை மட்டும் சேர்த்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த மருந்தால கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கினது கிட்டத்தட்ட 45 சதவீதம் பேருக்குத்தான். கீமோவில் அது 28. மற்றவர்களுக்கு ஏன் இல்ல? சில கட்டிகளில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு பழுதாகி, எச்.எல்.ஏ. மேற்பரப்புக்கே வராது. ரி-கலத்துக்குப் பார்க்க ஒன்றுமில்லாதபோது பிரேக்கை எடுத்து என்ன பயன்? எச்.எல்.ஏ. இல்லாத கலத்தை என்.கே. கலங்கள் என்ற வேறொரு வகை நோயெதிர்ப்புக் கலங்கள் கொல்ல வேணும். அவை எதிரியை அறியும் ஒரு வாங்கி என்.கே.ஜி.2டி. அது பிடிக்க வேண்டிய புரதத்தையே கட்டி உதிர்த்துவிட்டுத் தப்புறதும் நடக்குது. இன்னும் சிலவற்றில் ரி-கலங்கள் வரவேயில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வாங்கியின் மரபணு விகாரம்தான் பி.டி.-எல்1ஐ உயர்த்தி வைச்சிருக்கு.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற இரண்டு மரபணுக்களின் பரிசோதனை முடிஞ்சதா என்று முதல்ல கேளுங்க. அம்மா புகைக்காதவங்க என்றால் இன்னும் முக்கியம், ஆசியப் பெண்களிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரம் அதிகம். விகாரம் இருந்தால் பி.டி.-1 மருந்து தனியாப் பெரும்பாலும் பலன் தராது. அதை முதல்ல ஏற்றிவிட்டு, பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரத்துக்கான ஒசிமெர்டினிப் குளிசை தொடங்கினால் நுரையீரல் அழற்சி ஆபத்தான அளவுக்கு வரலாம். ஒரு கிழமை, இரண்டு கிழமை பிந்தினாலும், உடல்நிலை தாங்குமென்றால், ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்க.

மாதிரியிலும் பிழை வரலாம். 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபோர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் 6 முதல் 72 மணித்தியாலம் இருக்க வேணும், உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் குறைஞ்சது 100 இருக்க வேணும். எலும்பிலிருந்து எடுத்து அமிலத்தில் கரைச்ச மாதிரி என்றால் அந்த எண்ணை நம்ப ஏலாது. வேறு ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது பழைய சிலைட் மட்டும் கொடுக்காமல் கட்டித் துண்டை மெழுகில் பதிச்சு வைச்சிருக்கிற பரஃபின் புளொக்கையும் கேட்டு வாங்கிக் கொடுங்க, நாளானால் சிலைட்டில் சாயம் மங்கிப்போகும்.

பெம்பிரோலிசுமாப் தொடங்கினால், 3 கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அல்லது 6 கிழமைக்கு ஒருமுறை 400. பிரேக் இல்லாத ரி-கலம் நல்ல உறுப்புகளையும் தாக்கும். புதிதா வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், ஒரு நாளைக்கு வழமையைவிட நாலு தரம் கூடுதலா வயிற்றோட்டம், காரணமில்லாத களைப்பு, இதுல எது வந்தாலும் அன்றைக்கே சிகிச்சை தரும் டொக்டருக்குச் சொல்லுங்க. ஃபாமசியில் வயிற்றோட்ட மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீங்க. மருந்தை நிறுத்தி மாதக்கணக்கானாலும் இது வரலாம். கடுமையான அழற்சிக்குக் கொடுக்கிற ஸ்டீரொய்ட் அளவு உடல் நிறையில ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம். நாலு கிழமைக்குக் குறையாமல் படிப்படியாத்தான் குறைப்பாங்க. சுகமாயிட்டுது என்று நடுவில நீங்களா நிறுத்தினால், அழற்சி திரும்ப வரலாம்.