ராடு சுத்தற மோட்டார் எதுங்க வாங்கறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணா, தூண்டில் ராடை நானே கட்டலாம்னு பிளாங்க், கைடு, நூலு, எபாக்சி எல்லாம் வாங்கிட்டேனுங்க. எபாக்சி காயற வரைக்கும் ராடைச் சுத்தற மெஷின் விலைதான் கட்டுப்படி ஆகலை. வீட்டுலயே செய்ய எந்த மோட்டார் போடலாமுங்ணா?" புதுசாப் பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: பிளாங்க்னா ராடோட வெறும் கம்பு, கைடுன்னா தூண்டில் நரம்பு போற வளையம். கைடை நூலைச் சுத்திக் கம்புல கட்டி, அந்த நூலு மேல எபாக்சிங்கற பசையைப் பூசறதுங்க. மூணு நாளா இந்தக் கேள்விதானுங்க மனசுக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. நொம்ப சந்தோசமுங்க தம்பி.

மோட்டார் சுலபமுங்க. மைக்ரோவேவ் அடுப்புல தட்டைச் சுத்தற சின்ன மோட்டார் இருக்குமில்லீங்களா, அது போதும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில தனியாவே கிடைக்குது. பழைய அடுப்பை மட்டும் நீங்களா பிரிச்சுடாதீங்க. பிளக்கைப் பிடுங்குன பின்னாலயும் உள்ள கெப்பாசிட்டர்ல உசுரை எடுக்கற கரண்டு நிக்கும். மோட்டார் மேல 5/6 ஆர்பிஎம்னு போட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 5, 60-க்கு 6. நம்ம ஊருக்கு நிமிசத்துக்கு 5 சுத்துங்க. 21 வோல்ட்லயும் வருது, 220-னு பாத்து வாங்கோணும். ஆன் பண்றப்ப ஒருக்கா இந்தப் பக்கம் சுத்தும், ஒருக்கா அந்தப் பக்கம் சுத்தும். கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அதோட வாகு அப்படி. எபாக்சி ஒரே பக்கம் வழியாம இருந்தாச் சரி.

மோட்டார் தண்டுல ஒரு பிவிசி எண்ட் கேப்பை, அதாவது பைப்பு மூடியை, மாட்டுங்க. சுத்தியும் மூணு ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கி, முனைக்கு சைக்கிள் டியூப் ரப்பரை வெச்சா ராடோட அடிப்பக்கத்தை அலுங்காமப் பிடிச்சுக்கும்.

ஒருக்கா எபாக்சி போட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேனுங்க. அந்த நேரத்துல கரண்டு போயி மோட்டார் நின்னுருச்சு. வந்து பாத்தா ஒவ்வொரு கைடுக்கும் கீழ வேப்பம்பழமாட்டத் தொங்குது. அத்தனையும் வெட்டி எடுத்துட்டு மறுக்கா நூல் சுத்துனேன். அதனால மொதல் ரெண்டு மூணு மணி நேரம் பக்கத்துலயே இருங்க. கரண்டு போனா கையிலயே கால் சுத்து, கால் சுத்தாத் திருப்பிட்டே இருக்கோணும்.

ஆனா தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டியது நூலைப் பத்திங்க. என்ன இறுக்கத்துல சுத்தறது? எப்பவும் பாக்கறவங்களுக்கு நான் இதை எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்னு தெரியும், இன்னொருக்காவும் சொல்றேன். எங்க அப்பிச்சி பவானியில ஜமக்காளம் நெஞ்சவரு. குழித்தறியில உக்காந்ததும் காலை மிதியில வைக்கறதுக்கு முன்னால தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டுன பாவு நூலை விரல்ல சுண்டிப் பாப்பாரு. சத்தத்துலயே தெரிஞ்சுக்குவாரு, இந்தப் பக்கம் இறுக்கம், அந்தப் பக்கம் தொய்வுன்னு. அதை மட்டப்படுத்தாம, குறுக்கு நூலை ஓட்டற நாடாவைத் தொட மாட்டாரு.

நமக்கும் அதே வேலைதானுங்க. கார்பன் பிளாங்க் உள்ள ஒண்ணுமில்லாத குழாயாட்ட இருக்கும், சுவரு மெல்லிசு. நூலை முறுக்கி இழுத்தா கைடோட காலு, அதாவது பிளாங்க் மேல படுக்கற பகுதி, அதுல பதிஞ்சிரும். கண்ணுக்குத் தெரியாது. பவானிசாகர்ல ஒரு கட்லா இழுக்கறப்பத்தான் அந்த எடத்துல படக்குனு போகும். கைடுக் காலு முனையை மொதல்ல அரத்துல ராவி மெல்லிசாக்கிக்கோணும். அப்பத்தான் நூலும் படி தட்டாம ஏறும்.

இறுக்கத்துக்கு மெஷின் வேண்டாமுங்க. தையல் மிஷின்ல நூலு போற டென்ஷன் தட்டு இருக்குதில்லீங்களா, ரெண்டு தட்டு, ஒரு ஸ்பிரிங்கு, ஒரு திருகு. திருப்பூர்ப் பக்கம் பழசு எங்க வேணாலும் கிடைக்கும். அதை ஒரு பலகையில முடுக்குங்க. முன்னால ரெண்டு பிளைவுட்டுல 'வி' மாதிரி வெட்டி, பனியன் துணி ஒட்டி, ராடை அதுமேல வெச்சுக் கையில உருட்டுங்க. நூலு பக்கத்துல பக்கத்துல தானா வந்து படுக்கும்.

சுத்தி முடிச்சதும் கட்டைவிரல்ல கைடைத் தள்ளுங்க. அழுத்தித் தள்ளுனா மசுரளவு நகரோணும். அந்த அசைவுலதான் எல்லாக் கைடையும் நேர்கோட்டுக்குக் கொண்டு வரோணும். அசையவே இல்லீன்னா நூலைப் பிரிச்சு, திருகை அரைச் சுத்துத் தளர்த்தி, மறுக்கா சுத்துங்க. தம்பி, ஒரே ஒரு கைடைச் சுத்தி, எபாக்சியைத் தொடாம, தள்ளிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. மோட்டாரை அப்புறம் வாங்கிக்கலாமுங்க.