பூத்த கொடியில் கத்தி வைக்கலாமா?

வணக்கம் வானொலி நேயர்களே. விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வளவு மட்டக்களப்புக் கரையோரத்தில், களுதாவளையில். கரையோர ஊர்க்காரருக்கு அந்த மண்ணைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. யூரியா போட்டாலும் அதே கதைதான். ஒரு பெருமழைக்குக் கரைந்து கிணற்றுப் பக்கம் இறங்கிவிடும்.

இந்த மண்ணுக்கு என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: பசுந்தாள் போடுங்கள். ஒரு பயிரை வளர்த்து, அதை அந்த மண்ணுக்கே தின்னக் கொடுங்கள்.

கனடாவில் இருக்கிற மகள் போனில் தன் தோட்டத்தைக் காட்டினாள். நிலம் முழுக்க மூன்று இலைப் பூண்டு, பச்சைப் பாய் விரித்தது போல. "அப்பா, இது குளோவர். இஞ்ச எல்லாரும் இதைத்தான் விதைக்கிறாங்க. விதை ஒள்ளுப்பம் அனுப்பட்டா?" வேண்டாம் மகள் என்றேன். வெளிநாட்டு விதையைச் சும்மா கவரில் போட்டு அனுப்பக் கூடாது, அது ஒன்று. மற்றது, அது குளிருக்குப் பழகிய பயிர். எங்கள் ஆடி மாதத்துக் கச்சான் காற்று அதன் முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று மட்டக்களப்பாருக்குத் தெரியும். (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான், கடலையும்தான். நான் சொல்வது காற்றை.)

ஆனாலும் குளோவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று நான்கு வருடச் சுற்று வைத்திருந்தார்கள். குளோவருக்குப் பிறகு ஏன் நிலம் தேறுகிறது என்று அவர்களுக்கே அப்போது தெரியாது. ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் 1886இல்தான் அதைச் சொன்னார். இந்தப் பயிர்களின் வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன.

குளோவரின் உறவுக்காரன் ஒருவன் எங்கள் அடுக்களையிலேயே இருக்கிறான், கௌபி என்கிற தட்டைப்பயறு. விதைத்து ஒரு மாதம் போனதும் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுங்கள். இழுக்காதீர்கள், முடிச்சு அறுந்துவிடும். மணலை உதறினால் வேரில் மிளகு போல உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இறைச்சி போல இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்குகிற பொருளுக்கு இனமான ஒன்றுதான் அங்கேயும் இருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

சரி, எப்போது வெட்டுவது? பூக்கத் தொடங்கும்போது. திரும்பவும் சொல்கிறேன், காய்க்கும்போது அல்ல, பூக்கத் தொடங்கும்போது. காய் முற்றினால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், தண்டும் நாராகிவிடும்.

சொல்வது லேசு. ஒரு தைப்பொங்கல் கழிய மண் ஈரத்தில் கௌபி போட்டேன். மாசி கடைசியில் பூ. நான் கத்தியோடு போக, மனைவி குறுக்கே வந்து நின்றா. "பூத்த கொடியில கத்தி வைக்கிற மனிசனை இப்பதான் பார்க்கிறன். ஒரு கறிக்காவது காய் வரட்டும்." ஊருக்கெல்லாம் போதித்தவன், வீட்டில் தோற்றேன். பாதிப் பாத்தியை வெட்டி நாலு விரல் ஆழத்தில் புரட்டினேன். மறு பாதி அவவுக்கு. காயும் வந்தது, கறியும் வந்தது, நானும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மறுகா இரண்டு பக்கமும் கத்தரி நட்டோம். வெட்டிப் புரட்டிய பக்கம் முதல் இரண்டு கிழமை நடக் கூடாது. தாள் அழுகும்போது இளம் வேருக்கு ஆகாது. அதைப் பொறுத்து நட்டால், ஒரு மாதத்தில் அந்தப் பக்கத்து இலை கரும்பச்சை. கறிக்கு விட்ட பக்கம் வெளிறிப்போய் நின்றது. மனைவி பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாசியில் கத்தியைத் தீட்டி வைத்தது அவதான்.

2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது என் வளவு வாசலில் சனம். பசுந்தாள் ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தைப் பிடிக்காது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். எங்கள் வெயிலில் தாள் கெதியாக உக்கிப் போகும், அதனால் வருடாவருடம் போட வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுத் தம்பி, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். அம்பாறை வயல்காரருக்கென்று ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது அப்படியே கிடக்கிறது. சுருக்கமாக: தண்ணீர் தேங்கும் வயலுக்குத் தக்கைப்பூண்டு, மேட்டு நிலத்துக்குச் சணப்பை என்கிற சணல். சணலுக்குக் காலில் தண்ணீர் நிற்கக் கூடாது. இடமில்லாதவர்கள் வேலிக்குக் கிளிரிசீடியாக் கதியால் நட்டு, கொப்பு வெட்டி இலையைப் பாத்தியில் போடுங்கள். இப்போது ஒரு விரலைக் காட்டுகிறார். வணக்கம்.