தெரிந்தும் சொல்லாத பிள்ளை, தெரியாமல் சொல்லாத பிள்ளை

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டப்புறப் பெற்றோரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

துப்புத் துலங்காத ஒரு கொலையைப் பற்றி ஒட்டுக்கடையில் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்த வீட்டில சின்னப் பிள்ளை ஒன்னு இருந்துச்சே, அது என்ன சொல்லுது?" பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை என்றதும் கடை இரண்டு கட்சியாகப் பிரியும். "சின்னப் பிள்ளை வாயில எதுவும் நிக்காது, தெரிஞ்சிருந்தா எப்பவோ சொல்லியிருக்கும்" என்பது ஒரு கட்சி. "வாயே திறக்கலைன்னா உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பிள்ளையின் மௌனத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றன. அந்த மௌனம் எதற்கும் சாட்சி ஆகாது என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். ஒன்றுமே பார்க்காத பிள்ளையும் "எனக்குத் தெரியாது" என்கிறது. எல்லாம் பார்த்த பிள்ளையும் "எனக்குத் தெரியாது" என்கிறது. வெளியில் நிற்கும் நமக்கு இரண்டும் ஒரே சொல்தான்.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், 1996 டிசம்பர் 26 அன்று ஜான்பெனே ராம்சே என்ற 6 வயதுச் சிறுமி தன் வீட்டு நிலவறையில் பிணமாகக் கிடந்தாள். அந்த இரவில் வீட்டில் இருந்தவர்களில் அவளுடைய 9 வயது அண்ணனும் ஒருவன். வழக்கு இன்றுவரை முடியவில்லை. பையன் குழந்தை உளவியலாளரிடம் பேசினான், பிறகு போலீஸ் அதிகாரியிடம் பேசினான், 1999இல், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பெருநடுவர் குழு முன்னாலும் சாட்சி சொன்னான். ஊர் உலகம் விடவில்லை. 2016இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் அவனை நோக்கிக் கைகாட்டியது. அவன் மானநஷ்ட வழக்குப் போட, 2019இல் அது சமரசத்தில் முடிந்தது. எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாத ஒருவன், 9 வயதில் அந்த வீட்டில் படுத்திருந்தான் என்பதற்காக நடுவயது வரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். நம் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு இந்த நிலை வரக்கூடாது.

சரி, பிள்ளையால் ரகசியம் காக்க முடியுமா? வயதைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

விக்டோரியா தல்வார், காங் லீ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அறையை விட்டுப் போய்விடுவார். மறைவாக வைத்த கேமரா எல்லாவற்றையும் பிடிக்கும். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. கேட்டபோது "பார்க்கல" என்று சாதித்தவையும் பல. உடனே அடுத்த கேள்வி: "அப்படின்னா அது என்ன பொம்மையா இருக்கும்னு நினைக்கிற?" 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவை பொம்மையின் பெயரையே சொல்லி மாட்டிக்கொண்டன. 6, 7 வயதில் ஏறக்குறைய பாதிப் பேர் தெரியாதது போலவே நடித்தார்கள். முதல் பொய்யை எல்லா வயதும் சொல்லும். அந்தப் பொய்யோடு பொருந்துகிற இரண்டாவது பதிலைச் சொல்ல, எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு 4 வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது, பள்ளி வயதில்தான் கை கூடுகிறது.

அதே 2002இல் பெட் பாட்டம்ஸ், கெயில் குட்மன் குழுவினர் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். தொடக்கூடாத பொம்மைகளை வைத்து விளையாடிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அம்மாவே சொல்வார். 3, 4 வயதுப் பிள்ளைகளிடம் அந்தச் சொல் பெரிதாக எடுபடவில்லை. 5, 6 வயதுப் பிள்ளைகள் அம்மா சொன்னதற்காக விஷயத்தை உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஆக, முதலாம் ஆண்டில் காலடி வைக்கிற பிள்ளைக்கே, அம்மா கேட்டால் மறைக்கத் தெரிகிறது. ஆய்வில் நடந்தது வெறும் பொம்மை விளையாட்டு. ஒரு உயிர் போன வீட்டில் அம்மாவின் குரல் எவ்வளவு கனமாக விழும் என்பதை எந்த ஆய்வுக்கூடத்திலும் அளந்துவிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாததை உண்டாக்கிச் சொல்வது வேறு. சும்மா இருக்க வாயை மூடினால் போதும். இட்டுக்கட்டிய கதையை மூன்று பேர் மூன்று நாள் வேறு வேறு மாதிரி கேட்டாலும் பிசகாமல் சொல்ல, பெரியவர்களே திணறுவார்கள். அதனால் பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது பெரும்பாலும் பொய்க்கதையை அல்ல, விட்டுப்போன துண்டுகளைத்தான்: அந்த இரவில் ஒரு மணி நேரம், வந்துபோன ஓர் ஆள், அதிகாலையில் துவைத்துக் காயப்போட்ட ஒரு சட்டை.

நம் தோட்டப்புற வாழ்க்கை இதற்கு நல்ல பயிற்சிக்கூடம். லயத்து வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு மாறி வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. வட்டிக்காரன் ஆலோங் வாசலில் வந்து நின்றால் "அப்பா வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு" என்று பிள்ளையைத்தான் அனுப்புகிறோம். சங்கிலி அடகுக்கடைக்குப் போனது பாட்டிக்குத் தெரியக்கூடாது என்கிறோம். சித்தப்பா குடித்துவிட்டு வந்தது பள்ளிக்கூடத்துக்குத் தெரியக்கூடாது என்கிறோம். யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற பட்டியலை 7 வயதுக்குள் பிள்ளை மனப்பாடம் செய்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் போலீஸ் வந்து "எல்லாத்தையும் சொல்லும்மா" என்றால், அது எந்தப் பட்டியலை எடுக்கும்?

பிள்ளை ஏன் சொல்லாது? அடி, உதை, மிரட்டல் என்பதுதான் நமக்கு முதலில் தோன்றும். அதுவும் உண்டு. ஆனால் மிரட்டலை விட வலுவானது, நான் சொன்னால் யாரை இழப்பேன் என்ற கணக்கு. அப்பா ஜெயிலுக்குப் போனால் வாடகை யார் கட்டுவது? மாமாவைக் காட்டிக்கொடுத்தால் அம்மா என்னோடு பேசுவாளா? தம்பியையும் என்னையும் வேறு வேறு இல்லத்தில் போட்டுவிடுவார்களா? சோறு போடுகிற கையைப் பற்றிய கேள்வி அது. அதற்கு அடுத்த காரணத்தை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தான் பார்த்தது முக்கியமானது என்றே பிள்ளைக்குத் தெரியாது, யாரும் சரியாகக் கேட்கவும் இல்லை. அப்படிப்பட்ட மௌனத்தில் ரகசியம் என்ற எண்ணமே கிடையாது.

வீட்டுப் பாரம் என்ன செய்யும் என்பதற்கு பிரான்சில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1984 அக்டோபர் 16 அன்று, வோஜ் பகுதியில் வோலோன் ஆற்றில், கிரகோரி வில்மான் என்ற 4 வயதுச் சிறுவனின் உடல் கிடைத்தது. நவம்பர் தொடக்கத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, வயது 15, தன் அக்காள் கணவர் சிறுவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதாகப் போலீசிடம் சொன்னாள். அவர் கைதானார். அவளை அனுப்பி வைத்தது அதே குடும்பத்து வீட்டுக்குத்தான். சில நாளில், அப்படி நடக்கவே இல்லை, போலீஸ் நெருக்கியதால் சொன்னேன் என்று மாற்றிச் சொன்னாள். இன்றுவரை அதில்தான் நிற்கிறாள். அவர் 1985 பிப்ரவரியில் விடுதலையானார். அடுத்த மாதமே கிரகோரியின் தகப்பன் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலைகாரர் யார் என்பது இன்னும் தெரியாது. 2020இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவளுடைய 1984 காவல் வாக்குமூலத்தில் ஒரு பகுதியைச் செல்லாது என்று நீக்கியது. முதலில் சொன்னது உண்மையா, பிறகு சொன்னது உண்மையா? இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. கேட்ட விதத்தில் கோளாறு, கேட்ட பிறகு அவளை விட்ட இடத்தில் கோளாறு. இரண்டும் சேர்ந்து சாட்சியத்தைக் கெடுத்தன, அதோடு இன்னோர் உயிரும் போனது.

நம் வீடுகளில் நடப்பதும் இதற்குக் குறைந்ததல்ல. பெரியம்மா ஒரு தடவை கேட்பார், தாத்தா ஒரு தடவை, பக்கத்து வீட்டு அக்காள் மிட்டாய் கொடுத்து ஒரு தடவை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்துச் சின்னப் பிள்ளை பதிலை மாற்றும். "அந்த மாமாதானே வந்தாரு?" என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால் தலையாட்டும். ஸ்டீபன் செசி குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கவே இல்லாத சம்பவங்களைப் பற்றிப் பள்ளி செல்லும் முன்னான வயதுப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய 10 வாரம் விட்டு விட்டுக் கேட்டார்கள். முடிவில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள், நடக்காத ஒன்றையாவது நடந்ததாக விவரித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு மனத்தில் உருவான படத்தையும் கண்ணால் பார்த்ததையும் பிரிக்க முடியாமல் போயிற்று.

இன்னொரு பழக்கம், கோவிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரத்தில் சத்தியம் வாங்குவது, குறி கேட்பது. தயவுசெய்து வேண்டாம். தண்டனைப் பயம் கூடினால் பிள்ளையின் வாய் இன்னும் இறுகும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பயமுறுத்தாமல், பேச்சைத் தொடங்கும் முன், "உண்மையைச் சொல்றேன்னு எனக்கு வாக்குக் கொடுக்கிறியா?" என்று கேட்டு வாங்கும் சாதாரண வாக்குக்கு நல்ல பலன் உண்டு. தாமஸ் லயன் போன்றவர்கள், வீட்டில் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளை தானாக ஏதாவது சொல்லத் தொடங்கினால், முதலில் கேட்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியராகவோ பாட்டியாகவோ இருப்பார். உங்களுக்குத்தான் இந்தப் பகுதி. கையில் இருக்கும் வேலையை நிறுத்துங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு", "அப்புறம்?" என்ற இரண்டுக்கு மேல் கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "உன்னைப் பத்திரமா பார்த்துக்கிறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை போனதும் அன்றைக்கே எழுதுங்கள்: தேதி, மணி, இடம், நீங்கள் கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன சொல் அப்படியே. "ரத்தம்" என்று அது சொல்லாமல் "சிவப்புத் தண்ணி" என்று சொல்லியிருந்தால் "சிவப்புத் தண்ணி" என்றே எழுதுங்கள். பிள்ளை பெயர் சொன்ன ஆளிடம் போய் விசாரிக்காதீர்கள். அந்த ஆள் இருக்கும் வீட்டுக்கே பிள்ளை அன்று மாலை திரும்ப வேண்டியிருந்தால், மணி அடிக்கும் முன்னே 999க்கோ, தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999க்கோ அழையுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விடுவது பெரிய கேடு. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் இவற்றை வெளியிடுவதைத் தடுக்கிறது. சாட்சியாக வரும் பிள்ளைக்கும் அது பொருந்தும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பயிற்சி பெற்றவர்கள் கேட்கும் முறை வேறு. மைக்கேல் லாம்ப் குழுவினர் உருவாக்கிய நேர்காணல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் விதிகள்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம். அடுத்து, தீபாவளி அன்று நடந்ததைப் போலச் சம்பந்தமில்லாத ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வைத்து, விரிவாகப் பேசப் பழக்குவார்கள். அதன் பிறகே விஷயம். திறந்த கேள்விகள் முன்னால் வரும், "ஆமா, இல்லை" கேள்விகள் கடைசியில், வேறு வழியில்லாதபோது மட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், பிள்ளை சொன்னது எது, கேட்டவர் ஊட்டியது எது என்று பிறகு நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

நம்மவர்கள் ஒன்றில் உறுதியாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் கேட்கச் சொல்லுங்கள். வாக்குமூலம் மலாயில் பதிவாகும்போது "மாமா" என்பது தாய்மாமனா, கடைக்கார மாமாவா, அம்மாவோடு வந்து தங்குகிற மாமாவா என்பது தொலைந்து போகும். எந்த வீட்டு மாமா என்று பிள்ளையின் வாயாலேயே வர வேண்டும், எழுத்திலும் ஏற வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய பயத்தையும் கொஞ்சம் தெளிய வைக்கிறேன். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்த எதுவும் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி குற்றமாகாது. மறைத்ததற்காக அந்த வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்ச வேண்டாம். 2007ஆம் ஆண்டு குழந்தைச் சாட்சியச் சட்டத்தின்படி, திரைக்குப் பின்னாலிருந்தோ நேரலை வழியாகவோ சாட்சி சொல்லலாம், பதிவுசெய்த நேர்காணலையும் சாட்சியமாக முன்வைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரியவர்களுக்கு நிலை வேறு. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதற்குச் சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெற்றோர் பிள்ளைக்குள் பேசியதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. கொலை என்று தெரிந்தும், நியாயமான காரணமின்றிப் போலீசிடம் சொல்லாமல் இருப்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அனுமதிக்காது.

வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பது இவற்றைத் துப்பாக எடுக்காதீர்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தாலே இவையெல்லாம் வரும். மருந்துக்கும் ஆறுதலுக்கும் உரிய அறிகுறிகள் அவை.

இந்தக் கூட்டத்தில், அன்று பிள்ளையாக இருந்து இன்று பெரியவராகிவிட்ட யாராவது இருக்கலாம். கொலை வழக்குக்கு நம் நாட்டில் காலக்கெடு கிடையாது. எந்த ஆளை நம்பி வாழ்ந்தீர்களோ அவர் இறந்திருக்கலாம், நீங்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருக்கலாம். வாயைக் கட்டியிருந்த காரணம் அவிழ்ந்த பிறகும், இத்தனை வருஷம் கழித்து யார் கேட்பார்கள் என்று இருந்துவிடுகிறோம். கேட்பார்கள். ஆனால் முதலில் தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். அண்ணன் தம்பியிடம் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டாம், ஒப்பிட்டால் இரண்டு நினைவும் ஒன்றாகிவிடும். அப்போது 2 வயது என்றால், உங்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பிறகு கேட்டறிந்த கதைதான். 8 வயது என்றால் நிறையவே தங்கியிருக்கும். கண்ணால் பார்த்ததை ஒரு தாளிலும், வீட்டார் சொல்லிக் கேட்டதை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாததை மூன்றாவது தாளில் எழுதுங்கள். மூன்றையும் எடுத்துக்கொண்டு, பழைய புகார் எண் இருந்தால் அதையும் சேர்த்து, போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். சம்பவம் நடந்த இடம் வேறு வட்டாரமாக இருந்தாலும் பரவாயில்லை, அருகிலிருக்கும் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம்.